வினாத்தாள் இல்லாத மதிப்பெண்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துத் தனியார் பள்ளிகளின் மதிலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடுகிறது. பாஸ்போர்ட் அளவுப் படம், பெயர், அதன் கீழே பெயரைவிடப் பெரிய எழுத்தில் 600-க்கு எத்தனை என்ற எண். மாங்காடு காமாட்சி அம்மன் சந்நிதிக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் வந்துபோகும் பெற்றோர் பலரின் வேண்டுதலும் அந்த எண்ணைத்தான் சுற்றுகிறது. இதை வெறும் மார்க் பைத்தியம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சிபாரிசுக் கடிதமோ, பெயர் சொன்னால் தெரியும் குடும்பமோ, தெரிந்த அதிகாரியோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது மதிப்பெண்தான். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் எப்படி வருகிறது என்று இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார்கள்: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். திருத்துகிறவருக்கு மாணவர் யாரென்று தெரியாது. விடைக்குறிப்பு எல்லாத் திருத்துநருக்கும் ஒன்று. சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கேட்கலாம். மதிப்பெண்ணின் மேல் நமக்குள்ள நம்பிக்கை இந்த நான்கு கால்களில் நிற்கிறது.

வீடியோ கேம் விமர்சனங்களின் அடியில் 10-க்கு 8 என்றும் 100-க்கு 84 என்றும் போடப்படும் எண்களுக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லா கேமுக்கும் பொதுவான வினாத்தாள் இல்லை. செய்தவர் யார், விளம்பரம் எவ்வளவு, ரசிகர் படை எவ்வளவு என்பதெல்லாம் விமர்சகருக்கு முன்கூட்டியே தெரியும். விடைக்குறிப்பு அவர் மனதில் மட்டும் இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்கு வழியில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணுக்குத் தரும் அதே மரியாதையை அதற்கும் தந்துவிடுகிறோம். எண்ணைப் பார்த்ததும் தேர்வு நடந்திருக்கிறது என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கேம் விமர்சனத்தில் எண் இருக்கக் கூடாது என்று சொல்கிறேன். தமிழில் கேம் விமர்சனம் இப்போதுதான் யூடியூபிலும் சிறு இதழ்ப் பக்கங்களிலும் உருவெடுத்து வருகிறது. பழக்கம் கெட்டிப்படுவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

எண் போட்டும் நன்றாக நடந்த ஒரு முன்னுதாரணம் தமிழிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாதம் செய்தால் அது நேர்மையாகாது. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்குப் பல பத்தாண்டுகளாக 100-க்கு மதிப்பெண் போட்டு வந்திருக்கிறது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-ல் வந்தபோது அது கொடுத்த மதிப்பெண் 62.5. அடுத்த ஆண்டு வந்த மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 61 வாங்கியது. மணிரத்னத்தின் 'நாயகன்' படத்துக்கு 60. கமல்ஹாசனின் 'ஹே ராம்' படத்துக்கும் 60. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கி வந்தால் திட்டு விழும், விகடனில் 62.5 வாங்கினால் தமிழ் சினிமா நாற்பது ஆண்டுக்கும் மேலாக அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எப்படி இது சாத்தியமானது? ஒரே பத்திரிகை, விமர்சனக் குழு என்ற ஒரே கையொப்பம், ஆண்டுக்கணக்கில் மாறாத கஞ்சத்தனம். 40 என்றால் பார்க்கலாம், 50 என்றால் தவறவிடக் கூடாது என்று வாசகர்கள் வாரா வாரம் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த அளவுகோல் விகடன் பக்கத்துக்குள் மட்டுமே செல்லும். இன்னொரு பத்திரிகையின் நட்சத்திரங்களோடு அதைக் கூட்டிச் சராசரி எடுக்க யாரும் முனையவில்லை. வீட்டில் அம்மா அரிசி அளக்கும் ஆழாக்கு மாதிரி. அந்த வீட்டுச் சமையலுக்கு அது மிகச் சரியான அளவை. அந்த ஆழாக்கைக் கொண்டுபோய்ச் சந்தையில் வியாபாரம் செய்ய முடியாது.

கேம் உலகில் நடந்தது அந்தச் சந்தை வியாபாரம்தான். 2001-ல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் என்ற தளம் பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டி, எல்லாவற்றையும் 100-க்கு மாற்றி, ஒரே சராசரியாக்கித் தருகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவரின் கணக்கில் 80 ஏறும். அவர் மனதில் இருந்தது 80 தானா என்று யாரும் கேட்பதில்லை. எல்லாப் பத்திரிகைக்கும் சம எடையும் கிடையாது. சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை தருவதாக அந்தத் தளமே சொல்கிறது. எதற்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதில்லை. நம் ஊர் கட்-ஆஃபோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேதியியலுக்கு எவ்வளவு எடை என்பதை அரசு ரகசியமாக வைத்துக்கொண்டால் கலந்தாய்வு ஒரு நாளாவது நடக்குமா? பிறகு நிறங்கள். 75-ம் அதற்கு மேலும் வாங்கிய கேமுக்குப் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அதே தளம் திரைப்படத்துக்கு வைத்திருக்கும் கோடு வேறு: 61 வாங்கினாலே பச்சை, 40 முதல் 60 வரை மஞ்சள். '16 வயதினிலே'யின் 62.5-ஐ அங்கே கொண்டுபோய் வைத்தால், படம் என்ற வகையில் பச்சை, கேம் என்ற வகையில் மஞ்சள். 'முள்ளும் மலரும்' பச்சை. 2005-ல் டைம் இதழின் எல்லாக் காலத்துக்குமான 100 படங்கள் பட்டியலில் இடம்பெற்ற 'நாயகன்' ஒரு மதிப்பெண் குறைவால் மஞ்சள். கேமுக்கும் படத்துக்கும் ஏன் இப்படி இரண்டு கோடு? கேம் பத்திரிகைகளின் எண்கள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அடைந்து கிடப்பதால்தான். அங்கே 10-க்கு 7 என்றால் சுமார் என்று பொருள். பத்துப் படி உள்ள ஏணியில் மூன்று படியில் மட்டும் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள படிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன.

இந்த எண் வாசகரின் கண்ணோடு நின்றிருந்தால் இவ்வளவு பேசத் தேவையிருக்காது. அது சம்பளப் பட்டியல்வரை போய்விட்டது. 2010-ல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற கேமை அப்சிடியன் என்ற நிறுவனம் உருவாக்கியது, பெதெஸ்டா வெளியிட்டது. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால்தான் கூடுதல் தொகை என்பது ஒப்பந்தம் என்றும், 84-ல் நின்றுவிட்டதால் அது கிடைக்கவில்லை என்றும் அப்சிடியனின் கிறிஸ் அவெலோன் 2012 மார்ச்சில் பொதுவெளியில் சொன்னார். அந்த 84-க்குப் பின்னால் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு நகரத்தில் ஒரு விமர்சகர் இரவு பத்திரிகைக்கு அனுப்பும் நேரத்தில் எட்டா, எட்டரையா என்று தயங்கி எட்டைப் போட்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கட்டுரையில் ஒரு வரிகூட மாறியிருக்காது. அவருக்குத் தெரியாமலே, அவர் முகம் பார்த்திராத மனிதர்களின் வருமானம் அந்த அரை மதிப்பெண்ணில் தொங்கியிருக்கிறது. விமர்சனத்தின் எந்த வாக்கியத்துக்கும் இந்தச் சக்தி கிடையாது. ஒரு பத்தியை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுத முடியாது; எண்ணை எழுத முடியும்.

எண் மறுபக்கமும் வெட்டும். 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு 10-க்கு 6 போட்டார். அதே கேமின் விளம்பரங்கள் அப்போது அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. சில நாட்களில் அவர் வேலையிழந்தார். விளம்பரதாரர் தரப்பிலிருந்து வந்த அழுத்தத்துக்கு நிர்வாகம் வளைந்ததைப் பற்றி 2012-ல் அவரே விரிவாகப் பேசினார். இந்த நிகழ்வை எண்ணுக்கு ஆதரவாகவும் ஒருவர் சொல்லலாம்: 6 என்று பளிச்சென்று போட்டதால்தானே விளம்பரதாரருக்கு வலித்தது, எண் விமர்சகரை நேர்மைக்குக் கட்டிப்போடுகிறது அல்லவா என்று. வலித்தது உண்மை. ஆனால் விளைவு என்ன? எந்த எண்ணுக்குக் கீழே போனால் தலைக்குக் கத்தி வரும் என்பது மற்ற விமர்சகர்களுக்குத் தெரிந்துபோனது. ஏழுக்குக் கீழே இறங்கத் தயங்கும் பழக்கத்துக்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். இந்தப் பயம் அவற்றில் சிறியது அன்று. குறையை வாக்கியமாக எழுதுகிற விமர்சகரோடு விளம்பரதாரர் வாதாடித்தான் ஆகவேண்டும்: கட்டுப்பாடு சரியில்லை என்றால் எங்கே சரியில்லை, கூட வரும் பாத்திரங்கள் சொன்னபடி நடப்பதில்லை என்றால் எந்தக் கட்டத்தில். எண்ணோடு வாதாட முடியாது. அதை ஏற்றச் சொல்லி மிரட்டத்தான் முடியும்.

கேமுக்கு எண் பொருந்தாமல் போவதற்குக் கேமின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. வெளியான படம் வெளியானபடியே இருக்கும். 1977-ல் விகடன் மதிப்பிட்ட '16 வயதினிலே'யின் மயிலும் சப்பாணியும்தான் இன்றைக்கும் திரையில் வருகிறார்கள். கேம் அப்படி நிற்பதில்லை. ஒரே நாளில்கூட அது ஒரே கேமாக இருப்பதில்லை. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077'-ஐ எடுத்துக்கொள்வோம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது விலையுயர்ந்த கணினியில் ஓடும் பதிப்பு மட்டுமே. அதை வைத்து வந்த எண்கள் 80-களின் நடுவில் நின்றன. சோனியின் பிஎஸ்4 கருவி வைத்திருந்தவர்கள் அந்த எண்ணை நம்பி வாங்கினார்கள்; அவர்கள் வீட்டில் கேம் திணறி, உறைந்து, பாதியில் விழுந்தது. பின்னால் வந்த பிஎஸ்4 மதிப்பெண்கள் 50-களில் இருந்தன. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் மறுபடி வைத்தது. இதற்கு நேர்மாறாக, 2016-ல் வெறுமையான கேம் என்று திட்டு வாங்கிய 'நோ மேன்ஸ் ஸ்கை', ஆண்டுதோறும் இலவசமாகச் சேர்த்துச் சேர்த்து இன்றைக்கு வேறு கேமாக நிற்கிறது. 2016-ல் போட்ட எண் மட்டும் அங்கேயே நிற்கிறது. நம் பிள்ளைகள் கையில் ஓடுவதையே பாருங்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' வந்தது. 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து அதுவும் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய வரைபடம், புதிய துப்பாக்கி, காசு கொடுத்து வாங்க வேண்டிய புதிய உடை. 2021 ஜூலையில் ஒருவர் 10-க்கு 8 போட்டிருந்தால் அந்த எட்டு இதில் எதைக் குறிக்கும்? விமர்சனக் கட்டுரைக்குத் தேதி இருக்கிறது, அதைப் படிக்கும்போது அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறோம். எண் தேதியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாகப் பயணம் போகிறது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஒரு கேமை வைத்து இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். கனடாவின் டொரன்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா'வை வெளியிட்டது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. பல வரிகள் தெரியவில்லை. தெரிந்த வரிகளை வைத்துத் தெரியாததை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லி சரியாக வேகும் என்று கேம் கேட்கிறது. தமிழ் வீட்டில் வளர்ந்தவர் யோசிக்காமல் கையை வைத்துவிடுவார்; அவருக்கு அது புதிரே இல்லை, அம்மாவின் அடுப்படி. இட்லிக் கொப்பரையைப் பார்த்திராத ஒருவருக்கு அது உண்மையான புதிர், அவிழ்த்ததும் ஒரு மகிழ்ச்சி. மகன் வளர வளர அவன் ஆங்கிலத்துக்கும் அவள் தமிழுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போவதைத் தமிழ்ப் பெற்றோர் ஒருவர் பார்ப்பதும் வேறொருவர் பார்ப்பதும் ஒன்றாக முடியாது. கேம் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. விமர்சகர்கள் பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று நினைத்தவர்களும் உண்டு. 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. சமையலின் நுட்பம், புதிரின் எளிமை, இழப்பின் கனம், நீளத்தின் குறைவு ஆகிய நான்கையும் கூட்டி வகுத்து 10-க்கு 8 என்று எழுதும்போது, எட்டு என்ற அந்த எண்ணுக்குள் இதில் எதுவும் இல்லை. நீளம் குறைவு என்று ஒன்றைக் கழித்தவரும், புதிர் எளிது என்று ஒன்றைக் கழித்தவரும், அம்மாவை நினைத்து அழுதுவிட்டு ஒன்றைக் கூட்டியவரும் அதே எட்டில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் எழுதிய வாக்கியங்களைப் படித்தால்தான் மூவரும் மூன்று கேம்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

இதற்கு வலுவான மறுப்பு வாங்குபவர் பக்கத்திலிருந்து வருகிறது. பிஎஸ்5-க்கான பெரிய கேம் ஒன்று ரூ. 4,999 விற்கிறது. மாங்காட்டில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதை வாங்க நினைக்கிறார். அவருக்கு மூவாயிரம் சொல் கட்டுரை படிக்க நேரம் எங்கே, ஒரு எண் அவருக்கு உதவாதா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வேலையும் குடும்பமும் உள்ளவரின் நேரமும் காசும்தான் விமர்சனம் என்ற தொழிலுக்கே நியாயம். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாக யோசித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பத்து வயதுப் பிள்ளை விளையாடலாமா? வீட்டு இணையம் நின்றுவிட்டால் கேமும் நின்றுவிடுமா? வாங்கிய பிறகும் உள்ளே உள்ளே காசு கேட்குமா? எத்தனை மணி நேரம் தாங்கும்? தங்கச்சியும் சேர்ந்து விளையாட முடியுமா? ஆங்கிலம் வேகமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதை புரியுமா? போனில் விளையாடுகிறவருக்கு இன்னொன்றும் வேண்டும்: நான்கு ஜிபி ராம் உள்ள போனில் அரை மணி நேரத்தில் சூடாகிக் கையைச் சுடுமா? 84 என்ற எண் இதில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாது. விமர்சனத்தின் தலையில் ஐந்தாறு வரி எழுதினால் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். நேரமில்லாதவருக்காகத்தான் எண் என்று சொல்லி, அவருக்கு மிகவும் தேவைப்படுவதைத் தராமல் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு சொற்களின் வழவழப்பைப் பற்றியது. எண் இல்லாவிட்டால் விமர்சகர் பட்டும் படாமலும் எழுதித் தப்பித்துவிடுவார் என்கிறார்கள். ரசிகர்களைக் கவரும், எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம், ஒருமுறை பார்க்கலாம் என்ற ரகத்து வரிகளை வாழ்நாளெல்லாம் படித்த தமிழ் வாசகருக்கு இந்தப் பயம் வருவது இயல்புதான். தமிழ் இலக்கிய விமர்சனம் இதே பிரச்சினையை அறுபது ஆண்டுகளுக்கு முன் வேறு வடிவில் சந்தித்தது. க.நா. சுப்ரமண்யம் நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதைகள் இவை என்று பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல்கள் பல வாசகர்களுக்கு வழிகாட்டின; அவற்றின் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஏன் இந்த நாவல் உள்ளே, ஏன் அந்த நாவல் வெளியே என்ற காரணம் அவற்றில் இல்லை என்ற குறை அவர் மேல் தொடர்ந்து சொல்லப்பட்டது. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனம் வேண்டும் என்று நின்றார்: படைப்பைப் பிரித்துப் பார், எந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று காட்டு, பிறகு முடிவைச் சொல். பட்டியலில் இடம் தருவதும் ஒருவகையில் மதிப்பெண்தான். அந்தச் சர்ச்சையில் வழவழப்புக்கு மருந்தாக முன்வைக்கப்பட்டது இன்னும் நுணுக்கமான பட்டியல் அல்ல, இன்னும் நெருக்கமான அலசல். கேம் விமர்சகர் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்றால் அவரிடம் கேட்க வேண்டியதும் அதுதான். இட்லித் தட்டுப் புதிர் எளிது என்றால் எளிமையால் கதைக்கு என்ன ஆனது என்று சொல்லட்டும். வழவழவென்று எழுதுகிறவர் கையில் எண்ணைக் கொடுத்தால் வழவழப்பான எண்ணைத்தான் போடுவார். ஏழரை என்பது அந்த எண்.

மூன்றாவது மறுப்பு எனக்கு உண்மையிலேயே சங்கடம் தருவது. எண்ணை விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் யூரோகேமர் 2015 பிப்ரவரியில் மதிப்பெண்ணைக் கைவிட்டு, மிக அவசியம், பரிந்துரை, தவிர்க்கவும் என்ற பொருளில் சில முத்திரைகளை மட்டும் வைத்துக்கொண்டது. இனி மெட்டாக்ரிட்டிக் சராசரியில் தன் பெயர் வராது என்பதைத் தெரிந்தே செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023-ல், ஐந்து நட்சத்திர முறைக்குத் திரும்பிவிட்டது. ஆக, எண் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஆகிவிடாதா? சுருக்கமான தீர்ப்பு வேண்டும் என்ற வாசகரின் பசி உண்மையானது என்பதை இது காட்டுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பிப் போனவர்களும் நூறு படி ஏணிக்குப் போகவில்லை, ஐந்து படியோடு நின்றுகொண்டார்கள். ஜப்பானின் ஃபமிட்சு இதழும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து என்று தனித்தனியாகப் போடுகிறார்கள், கூட்டினால் 40. 1998-ல் 'ஜெல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்'தான் முதன்முதலில் நாற்பதுக்கு நாற்பது வாங்கியது. நான்கு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாவதால், ஒருவருக்கு 9 ஆன கேம் இன்னொருவருக்கு 6 ஆனது கண்ணுக்குத் தெரிகிறது. கருத்து வேறுபாட்டை மறைக்காத எண், மறைக்கும் எண்ணைவிட மேல். அப்படியும் அது ஆழாக்குதான்: அந்த இதழைத் தொடர்ந்து படிப்பவருக்கு மட்டும் பயன்படும். தமிழ்நாட்டின் பள்ளிக்கல்வித் துறை 2017-ல் எடுத்த ஒரு முடிவையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அந்த ஆண்டோடு நிறுத்தினார்கள். ஒரே வினாத்தாளில் ஒழுங்காக அளந்த எண்ணையே வரிசைப்படுத்திக் காட்டுவது கேடு என்று ஓர் அரசு முடிவெடுத்தது. ஒழுங்காக அளக்க வழியே இல்லாத எண்ணை வைத்துக் கேம்களை வரிசைப்படுத்துவதற்கு அதைவிடக் குறைந்த நியாயமே இருக்கிறது.

விமர்சகர் எண்ணை விட்டாலும் மக்கள் போடும் ஸ்டார் இருக்கத்தானே செய்யும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கும், அது கூட்டத்தின் குரல், அந்த அளவில் கேட்டுக்கொள்ளலாம். கூட்டம் சில நாள் கோபத்தில் இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் நிறுவனத் தலைவர் இந்தியாவை இழிவாகப் பேசியதாக ஒரு செய்தி பரவியபோது, கோபமடைந்த இந்தியர்கள் ஒரு ஸ்டார் போட்டுத் தள்ளினார்கள். பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்துக்காக, சம்பந்தமே இல்லாத நம் நாட்டு ஸ்னாப்டீல் செயலிக்கும் அந்த அடி விழுந்தது. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளியான சில மணி நேரத்திலேயே மெட்டாக்ரிட்டிக்கில் ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டார்கள். அந்தக் கேமின் கதையை முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்த மாதமே அந்தத் தளம் புதிய கேம்களுக்கு வாசகர் மதிப்பீட்டை 36 மணி நேரம் நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தது. கூகுள் பிளே ஸ்டோரும் 2019-ல் பழைய ஸ்டார்களைவிட அண்மையில் போட்டவற்றுக்குக் கூடுதல் எடை வரும்படி கணக்கை மாற்றியது. கூட்டத்தின் எண்ணுக்கே இத்தனை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. விமர்சகர் என்பவர் அந்தக் கூட்டத்தில் இன்னோர் ஓட்டுப் போடுகிறவர் இல்லை. கூட்டம் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் அவர் இருக்கிறார்.

தமிழில் இன்று கேம் விமர்சனம் செய்யத் தொடங்கும் இளைஞர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாள் நகல் வாங்கிய மாணவருக்கு எந்தக் கேள்விக்கு எங்கே மதிப்பெண் போனது என்று தெரிகிறது; உங்கள் வாசகருக்கும் அந்த நகல் கிடைக்க வேண்டும். எந்தப் போனில், எத்தனை ஜிபி ராமில், எந்தப் பதிப்பில் விளையாடினீர்கள்? எத்தனை மணி நேரம்? முடித்தீர்களா, பாதியில் நிறுத்தினீர்களா? கேமைக் காசு கொடுத்து வாங்கினீர்களா, நிறுவனம் இலவசமாக அனுப்பியதா? முதல் பத்து நாளில் உள்ளே எவ்வளவு காசு கேட்டது? யாருக்குப் பிடிக்கும், யார் தவிர்க்கலாம்? இவ்வளவையும் தமிழில், முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, அதன்பின் செல்லப்பா கேட்ட அலசலுக்குள் போகலாம். எண் போடச் சொல்லிக் கீழே கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் பத்தியைக் காட்டுங்கள். அடுத்த பெரிய அப்டேட் வரும் நாளில் அதே போனை எடுத்து மறுபடி விளையாடி, எது சரியானது, எது கெட்டது, எதற்குப் புதிதாகக் காசு கேட்கிறார்கள் என்பதைப் பழைய விமர்சனத்தின் கீழேயே தேதி போட்டுச் சேர்த்து எழுதுங்கள்.